அம்பாசிடர் 1800: முதல் கியரில் பின் ஆக்ஸில் குதிக்கிறது. டிராம்ப் பார் போடலாமா?

சேலத்து அம்பி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1996 அம்பாசிடர், இசுசு 1800 பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர். மூன்று வருடம் முன்னால் ஈரோட்டில் வாங்கினேன். பழைய உரிமையாளர் பின்பக்கத்தைத் தாழ்த்த ஆக்ஸிலுக்கும் கமான் பட்டைக்கும் (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) நடுவில் 40 மி.மீ. அலுமினியக் கட்டை வைத்திருக்கிறார். டயரும் 185 அகல ரேடியல்.

போன மாதம் ஏற்காடு ஏறும்போது பாதி மலையில் ஒரு கொண்டை ஊசியில், இறங்கி வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றேன். தூறல், தரை ஈரம். முதல் கியரில் மறுபடி எடுத்ததும் பின்னாலிருந்து தடதடவென்று ஒரே அடி. வண்டிக்கு அடியில் யாரோ சம்மட்டியால் தரையை அடிப்பது மாதிரி. பின் சீட்டில் இருந்த அம்மா பயந்துபோய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆக்ஸிலரேட்டரை விட்டால் உடனே நின்றது. மிதித்தால் மறுபடி தடதட. கடைசியில் பாதி கிளட்சில் ஊர்ந்துதான் அந்த வளைவைத் தாண்டினேன்.

ஊருக்கு வந்து ஒரு பட்டறையில் காட்டினேன். கிளட்ச் உதறல் என்று சொல்லி பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது இன்னொருவர், இது ஆக்ஸில் டிராம்ப், அதாவது பின் ஆக்ஸில் துள்ளுவது, ‘டிராம்ப் பார்’ என்று இரண்டு இரும்புக் குழாயை ஹவுசிங்கிலிருந்து (ஆக்ஸிலின் கூடு) முன்பக்கத் தரைத் தகட்டுக்கு வெல்டிங் வைத்தால் நின்றுவிடும் என்கிறார். செய்யலாமா? யாராவது அம்பாசிடரில் டிராம்ப் பார் போட்டிருக்கிறீர்களா?

கோவை பட்டறை

தம்பி, வெல்டிங் ராடைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்லுங்கள். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் எல்லாம். அந்தத் தரைத் தகட்டில் குழாயை வைத்து ஒட்டினால், ஆக்ஸில் ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் தகடு மேலும் கீழும் வளையும். சில மாதத்தில் வெல்டிங்கைச் சுற்றி விரிசல் வரும். கழன்று வந்த ஒரு பாரை நானே வெட்டி எடுத்திருக்கிறேன். தரையில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிளட்ச் உதறலும் டிராம்பும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கிளட்ச் உதறல், பெடல் பாதியில் இருக்கும்போது மட்டும் வரும். கால் முழுக்க வெளியே வந்த பிறகு, பிளேட் பிடித்துவிட்டதால் உதற இடமில்லை. டிராம்ப் அப்படி இல்லை. கிளட்ச் முழுக்கப் பிடித்த பிறகும், டயருக்குப் பிடி போகிற அளவு மிதித்தால் அடிக்கும். நீங்கள் பாதி கிளட்சில் ஊர்ந்து தாண்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளட்ச் கோளாறாக இருந்தால் அந்த இடத்தில்தான் அதிகமாக உதறியிருக்கும். உங்களுக்கு அங்கே நின்றிருக்கிறது. கிளட்சுக்குக் கொடுத்த பணம் வீண் என்பது இதிலேயே தெரிகிறது, வருத்தமாக இருக்கிறது.

இன்னும் சில கேள்விகள். இரண்டாவது கியரில் வருமா? நான்கிலிருந்து மூன்றுக்குச் சட்டென்று இறக்கும்போது ஈரத் தரையில் வருமா? நேராக 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்னால் நடுக்கம் உண்டா? கடைசியாகச் சர்வீஸ் விட்டபோது கமான் பட்டைக்கு ஆயில் அடித்தார்களா?

சேலத்து அம்பி

பதிலுக்கு நன்றி ஐயா. இரண்டாவது கியரில் வரவில்லை. மூன்றுக்கு இறக்கும்போது ஒரே ஒரு தடவை, ஈரத்தில், இரண்டு மூன்று அடி அடித்து நின்றது. நேர்ச்சாலையில் நடுக்கம் இல்லை. ஆயில் அடித்தார்கள். இரண்டு மாதம் முன்னால் வாட்டர் வாஷ் விட்டபோது அடியில் முழுக்கப் பழைய ஆயில் ஸ்பிரே செய்து கொடுத்தார்கள். துருப் பிடிக்காது என்றார்கள்.

சுழல்விசை

நான் வண்டிகளின் அதிர்வுப் பரிசோதனையில் வேலை செய்தவன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இந்த விஷயத்தில் தவறான பாகத்துக்குப் பணம் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்சக்கரம் தரையைப் பின்னால் தள்ளும்போது, தரை சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. அந்த விசை தரை மட்டத்தில் இருக்கிறது. அதைத் தாங்கி வண்டிக்குக் கொடுப்பது கமான் பட்டை. அது தரையிலிருந்து கிட்டத்தட்ட 25 செ.மீ. மேலே இருக்கிறது. அதனால் ஹவுசிங் முழுவதும் திரும்பப் பார்க்கும், பினியன் மூக்கு (ஹவுசிங்கில் கியர்பாக்ஸ் பக்கம் நீட்டி நிற்கும் முன்முனை) மேலே எழும். பட்டையின் முன்பாதி மேலே வளையும், பின்பாதி கீழே வளையும். பக்கவாட்டில் பார்த்தால் பட்டை ஒரு அலை மாதிரி நெளிந்திருக்கும்.

தோராயமாக ஒரு கணக்கு. பின் ஆக்ஸில் மேல் 600 கிலோ, தரைப்பிடி 0.8 என்று வையுங்கள். தள்ளுவிசை கிட்டத்தட்ட 4,700 நியூட்டன். 25 செ.மீ. உயரத்துக்கு முறுக்கு 1,175 நியூட்டன் மீட்டர். பட்டை கண்ணுக்குக் கண் (வண்டியோடு மாட்டும் இரு முனை வளையங்கள்) 1.2 மீட்டர் என்றால், ஒவ்வொரு பட்டையின் முன் கண்ணிலும் சுமார் 50 கிலோ அளவுக்கு மேல்நோக்கிய அழுத்தம், பின் கண்ணில் அதே அளவு கீழ்நோக்கிய இழுப்பு. முன் கண்ணின் ரப்பர் புஷ் ஓவலாகத் தேய்ந்திருந்தால், இந்த 50 கிலோ முதலில் அந்த இடைவெளியைத் தின்றுவிட்டுத்தான் பட்டைக்குப் போகும்.

இப்போது டயர் பிடி நழுவுகிறது. தள்ளுவிசை குறைந்ததும் நெளிந்திருந்த பட்டை படக்கென்று நிமிர்கிறது. ஹவுசிங் பின்னால் சுழன்று டயரைத் தரையில் குத்துகிறது. குத்தியதும் பிடி கிடைக்கிறது, மறுபடி நெளிகிறது, மறுபடி நழுவுகிறது. இந்தச் சுற்று நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை நடந்தால் நீங்கள் கேட்ட சம்மட்டி அடி. எஞ்சின் கொடுக்கும் சீரான விசையை ஆக்ஸில் தானே துடிப்பாக மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நிற்கிறது.

இரண்டு சக்கரமும் சேர்ந்து குதிப்பது ஒரு வகை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறி மிதிப்பது இன்னொரு வகை. சரியாகச் சொன்னால் இரண்டாவதற்குத்தான் டிராம்ப் என்று பெயர். நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும். மாறி மாறி வருவதற்குக் காரணம் பிராப்பல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. பின்னாலிருந்து பார்த்தால் அது இடச்சுற்றாகச் சுழல்கிறது, ஹவுசிங்கையும் தன்னோடு திருப்பப் பார்க்கிறது. இடது சக்கரம் அழுந்தும், வலது சக்கரம் லேசாகும். மேலே சொன்ன அதே கணக்கில், டிஃப் (டிஃபரன்ஷியல்) விகிதம் 4 என்றால், வலது சக்கரம் அதிகபட்சம் 27 கிலோ வரை இழக்கும். சாதாரண டிஃப் என்பதால் லேசான சக்கரம்தான் முதலில் நழுவும். வலதுபக்கம் டிரைவர் உட்கார்வது நமக்கு ஒரு சின்ன உதவி.

பார்ப்பதற்கு எளிய வழி இருக்கிறது. மொபைலில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கும். வண்டி நடமாட்டமில்லாத சமதளமான இடத்தில், தரையில் தண்ணீர் ஊற்றி, ஒருவர் வலது பின்சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் நாலு மீட்டர் தள்ளி நின்று படம் எடுக்கட்டும். வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டாம், கல் தெறிக்கும். ஹவுசிங்கில் யூ போல்ட் (ஆக்ஸிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டுவது) பக்கத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு, பட்டையில் அதற்கு நேராக ஒரு கோடு போடுங்கள். படத்தில் இரண்டு கோடும் சேர்ந்தே அசைந்தால் பட்டை நெளிகிறது. கோடுகள் தனித்தனியாக விலகினால் யூ போல்ட் பிடியே இல்லை.

யாழ் மைனர்

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் வைத்திருக்கிறேன், 1098 சிசி. இஞ்ச இன்னமும் மைனர், சோமசெட், கேம்பிரிட்ஜ் எல்லாம் றோட்டில் ஓடுது. அம்பாசிடரும் மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் வழி வந்ததுதானே, பின்பக்கம் ஒரே குடும்பம். அதனால் என்னுடைய அனுபவத்தையும் சொல்கிறேன்.

மைனரில் இருப்பது நெம்பு வகை ஷொக் அப்சோபர், ஆர்ம்ஸ்ட்ரோங் செய்தது. உள்ளே எண்ணெய் குறைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் ஆக்ஸிலைக் கட்டுப்படுத்த ஆளே இல்லை. என்னுடைய வண்டியில் மணல் படிந்த ஒழுங்கையில் இருந்து தார் றோட்டுக்கு ஏறும்போது மட்டும் அடிக்கும். ஒரு ரயர் மணலில், மற்ற ரயர் தாரில். ஷொக்கின் மேல் மூடியைத் திறந்து பார்த்தால் வலதுபக்கம் எண்ணெய் அரைவாசிதான் இருந்தது. நிரப்பிவிட்டு, கையால் நெம்பை மேலும் கீழும் அசைத்துக் காற்றை எடுத்த பிறகு பாதிக்குப் பாதி குறைந்தது. மிச்சம் இன்னமும் இருக்கு. அதற்கு என்ன செய்வதென்று இந்த இழையில் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

கோவை பட்டறை

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது சரி. ஷாக்தான் இந்தத் துடிப்பை விழுங்க வேண்டியது.

சேலத்துத் தம்பி, உங்கள் ஷாக் குழாய் வகை. கீழ் முனையை மட்டும் கழற்றிவிட்டு கையால் இழுத்துப் பாருங்கள். முதலில் நாலைந்து முறை முழுக்க ஏற்றி இறக்கிவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்ல வேண்டும், நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு. நல்ல ஷாக் இழுக்கும்போது தேனில் கரண்டி விட்ட மாதிரி சீராகக் கனக்கும். நடுவில் எங்காவது ஒரு விரலளவு இடம் சும்மா நழுவினால் அது போய்விட்டது. டிராம்பில் ஆக்ஸில் அசைவது அந்த ஒரு விரல் அளவுக்குள்தான். அதனால் பம்பரை அமுக்கிப் பார்க்கிற சோதனையில் தப்பிவிடுகிற ஷாக்கும் இங்கே தோற்றுவிடும்.

ஆயில் ஸ்பிரே பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கமான் பட்டையில் ஒரு தகடும் இன்னொரு தகடும் உரசுவதும் ஒரு ஷாக்தான். ஆயில் ஊறினால் அந்த உரசல் போய்விடும். சவாரி மெத்தென்று இருக்கும், ஆக்ஸில் ஆடும். உரசல் மட்டும் போதாது என்றுதான் தனியாக ஷாக் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஷாக் பலவீனமான வண்டியில் ஆயிலும் அடித்தால் இரண்டு காவலும் போய்விடும்.

அப்புறம் ஒரு அளவு எடுங்கள். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, இரண்டு பக்கமும். சக்கரம் நேராக இருக்கட்டும். புத்தகக் கணக்கு 97 அங்குலம். அதை விட முக்கியம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பது.

அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரத்துக்கு இருபக்கமும் கட்டை வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

பைபாஸ் ரைடர்

இவ்வளவு யோசிக்க வேண்டுமா நண்பர்களே? எக்ஸ்ட்ரா ஒரு பட்டை போட்டு கமானைக் கெட்டியாக்கினால் நெளியாது. அல்லது டிக்கியில் இரண்டு மணல் மூட்டை. என் மாமா வண்டியில் அப்படித்தான் நின்றது.

சுழல்விசை

மணல் மூட்டை உதவும், பின்சக்கரத்தின் மேல் எடை கூடுவதால் நழுவத் தாமதமாகும். ஆனால் தேய்ந்த புஷ் தேய்ந்தபடியேதான் இருக்கும். வாழ்நாள் முழுக்க 50 கிலோ மணலைச் சுமக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

முழு நீளத்துக்கு ஒரு பட்டை கூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்பக்கம் தூக்கும், குழியில் முதுகு அடிபடும், முறுக்குக்குத் தேவையில்லாத பின்பாதியும் கெட்டியாகும். நெளிவைத் தடுக்க வேண்டியது முன்பாதியில்தான். முன்பாதி குட்டையாகவும் கெட்டியாகவும், பின்பாதி நீளமாகவும் இளக்கமாகவும் இருந்தால் ஆக்ஸில் முன் கண்ணில் ஊன்றிக்கொண்டு நிற்கும். அமெரிக்காவில் கிரைஸ்லர் வண்டிகளில் ஆக்ஸிலைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளி வைத்தது இதனால்தான். அந்த வண்டிகளில் எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

செவ்ரலே கமாரோ 1967இல் வந்தபோது ஒற்றைத் தகடு பட்டை, இரண்டு ஷாக்கும் ஒரே பக்கம். சக்தி வாய்ந்த எஞ்சினோடு பயங்கரமாகக் குதித்தது. அதற்கு வலதுபக்கம் மட்டும் ஒரு பார் கொடுத்தார்கள். ஏன் வலதுபக்கம் என்பது மேலே நான் எழுதிய 27 கிலோவைப் படித்தவர்களுக்குத் தெரியும். 1968இல் ஒரு ஷாக்கை ஆக்ஸிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மாற்றினார்கள். அப்படி வைத்தால் ஹவுசிங் சுழல்வதையும் ஷாக் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருந்தால் சுழற்சி அவற்றின் கண்ணுக்கே தெரியாது.

ஃபோர்டு லோட்டஸ் கார்ட்டினாவில் முதலில் சுருள் ஸ்பிரிங், ஏ வடிவச் சட்டம் இருந்தது. 1965இல் அதைக் கைவிட்டு சாதாரணக் கமான் பட்டைக்கே திரும்பினார்கள், இரண்டு நீளக் கைகளை மட்டும் கூடச் சேர்த்து. அந்தக் கைகள்தான் நாம் சொல்லும் டிராம்ப் பார். ஆக, பார் தப்பான யோசனை இல்லை. ஆனால் பாரின் முன் முனை எந்த இடத்தில் கீல் கொள்கிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பட்டையின் முன்பாதி மேலும் கீழும் போகும்போது ஆக்ஸில் ஒரு வில் வரைகிறது. பாரும் அதே வில்லை வரைய வேண்டும். வேறு வில் வரைந்தால் ஒவ்வொரு குழியிலும் பாரும் பட்டையும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டை போடும், பலவீனமான இடம் கிழியும். முன் கண்ணின் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில், அதே கெட்டியான இடத்தில் ரப்பர் புஷ்ஷோடு கீல் வைத்தால் சரி. தரைத் தகட்டில் விறைப்பாக வெல்டிங் என்றால் கூடவே கூடாது.

அலுமினியக் கட்டை பற்றி ஒரு வார்த்தை. கட்டை வைத்தால் முறுக்கு அதிகமாகும் என்று பரவலாகச் சொல்வார்கள். தாழ்த்தும் கட்டையில் அது உண்மையில்லை. பட்டை தரைக்குக் கொஞ்சம் கிட்டே போவதால் முறுக்கு லேசாகக் குறையத்தான் செய்யும். கெடுதல் வேறு இடத்தில். ஆக்ஸில் மையம் பட்டையை விட்டு 40 மி.மீ. கூடுதலாக விலகி நிற்பதால், ஹவுசிங் திரும்பும்போதெல்லாம் சக்கரம் முன்னும் பின்னும் அதிகம் ஊசலாடும். அந்த ஊசல் டயரின் பிடி – நழுவல் சுற்றுக்குத் தீனி. யூ போல்ட் நீளமாகி இழுவை கூடும். அலுமினியம் நசுங்கும். ஷாக்கின் கீழ் முனை ஆக்ஸிலில் மாட்டியிருந்தால், அது தன் நடு நிலையை விட்டு விலகி வேலை செய்யும்.

சேலத்து அம்பி

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. பார்த்ததை எல்லாம் எழுதுகிறேன்.

தெரிந்தவர் ஒருவரின் நெல் குடோன் முற்றம், சிமென்ட் தரை, தண்ணீர் ஊற்றினோம். தம்பி படம் எடுத்தான். முதல் கியர், கிளட்ச் முழுக்க விட்ட பிறகு மிதித்தேன். வந்தது. ஓரமாகக் காய்ந்த தரையில் டயர் விட்ட கறுப்புத் தடம் கோடாக இல்லை, விட்டு விட்டுத் திட்டுத் திட்டாக இருந்தது. ஒரு திட்டுக்கும் அடுத்ததற்கும் சரியாக ஒரு சாண்.

படத்தை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தோம். வலது டயர் தரையை விட்டு எழுந்து மறுபடி எழ 22 படம். அப்படியானால் நொடிக்குப் பதினொரு முறை. டயரின் அடிப்பக்கம் தரையைத் தொடும்போது சுவர் மடிந்து ரிம்மை நோக்கிப் போவது கண்ணால் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கே வண்டியை மிதிக்க மனசு வரவில்லை.

வெள்ளைக் கோடு: இடதுபக்கம் இரண்டு கோடும் சேர்ந்தே போகின்றன. வலதுபக்கம் விலகுகின்றன. அதிகமில்லை, ஒரு தீக்குச்சி தடிமன் இருக்கும், ஆனால் விலகுகின்றன.

அடியில் போய்ப் பார்த்தால் வலதுபக்க அலுமினியக் கட்டையைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி. விரலால் தொட்டால் மஞ்சள் தூள் மாதிரி ஒட்டுகிறது. இடதுபக்கம் அது இல்லை. யூ போல்ட் நட்டில் ஸ்பேனர் வைத்தால் கையாலேயே அரைச் சுற்று போனது. சக்கர மையம் அளந்தோம்: இடதை விட வலது 6 மி.மீ. அதிகம்.

ஷாக் கழற்றினோம். இடது கனக்கிறது. வலது, ஐயா சொன்ன மாதிரியே நடுவில் நழுவுகிறது. முன் கண் புஷ்ஷில் லிவர் வைத்து நெம்பினால் வலதுபக்கம் போல்ட் மேலும் கீழும் நகர்கிறது.

கோவை பட்டறை

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. இப்படி அளந்து எழுதுகிறவரிடம் பேசவே ஆசையாக இருக்கிறது.

6 மி.மீ. என்றால் சென்டர் போல்ட் (கமான் தகடுகளை நடுவில் கோத்துப் பிடிப்பது) தலை கட்டையின் குழிக்குள் சரியாக உட்காரவில்லை, அல்லது வளைந்திருக்கிறது. ஆக்ஸில் அந்தப் பக்கம் பின்னால் போய்விட்டது. செம்பொடி என்பது இரும்பு உரசி உதிர்ந்த துரு. ஆக்ஸில் பட்டை மேல் நிலையாக உட்காரவே இல்லை. இந்த நிலையில் பார் போட்டிருந்தால் பாரும் அந்த ஆட்டத்தோடு ஆடியிருக்கும்.

கட்டை இரண்டையும் எடுத்துவிடுங்கள். வண்டி முதலில் பிறந்த உயரத்துக்கு வரட்டும். யூ போல்ட் நான்கும் புதிது, அசல் நீளத்துக்கு. பழையதை வெட்டிப் பயன்படுத்த வேண்டாம், ஒரு முறை இழுபட்ட யூ போல்ட் மறுபடி பிடி கொடுக்காது. சென்டர் போல்ட் இரண்டும் புதிது. கமான் கட்டைப் பிரிக்கிற கையோடு தகடுகளில் இருக்கிற ஆயிலை டீசலால் கழுவித் துணியால் துடைத்துவிடுங்கள். கிளிப் விரிந்திருந்தால் நிமிர்த்துங்கள், பட்டை நிமிரும்போது தகடுகளைச் சேர்த்துப் பிடிப்பது அதுதான். மெயின் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றி நன்றாகப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விடும்.

ஷாக் ஜோடியாகத்தான். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் நாமே டிராம்புக்கு அழைப்பு வைத்த மாதிரி.

முக்கியமான ஒன்று: கண் புஷ் போல்ட்டைக் கடைசி முடுக்கு முடுக்கும்போது வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும்போது முடுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். இந்த ஒரு தவறினால் வருடத்துக்கு ஒரு புஷ் மாற்றுகிற வண்டிகள் எத்தனையோ.

யூ போல்ட்டைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, நான்கு நட்டிலும் ஒரே அளவு மரை வெளியே தெரிகிற மாதிரி முடுக்குங்கள். 500 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி.

சுழல்விசை

ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், முடிந்தால் இடையிடையே அதே முற்றத்தில் அதே அளவு தண்ணீரில் படம் எடுங்கள். எது எவ்வளவு உதவியது என்று தெரியும். இங்கே படிக்கிற மற்றவர்களுக்கும் பயன்படும். டயர் காற்றும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும். காற்று குறைந்தால் டயர் சுவரே ஒரு ஸ்பிரிங்காக மாறி நெளிவில் பங்கெடுக்கும்.

கட்டையை எடுக்கும்போது பினியன் கோணத்தையும் பாருங்கள். கியர்பாக்ஸ் வெளித்தண்டும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கமான் பட்டை வண்டியில் பினியன் மூக்கு ஒன்று, ஒன்றரை டிகிரி கீழ்நோக்கி இருந்தால் நல்லது. இழுக்கும்போது மேலே எழும்பி நேராகிக்கொள்ளும். மொபைல் கோணமானி போதும். சில கட்டைகளை ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருப்பார்கள். உங்களுடையது அப்படியா என்று பாருங்கள்.

சேலத்து அம்பி

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். யூ போல்ட் கிடைக்கத் தாமதம். கடைசியில் லாரிக் கமான் பட்டை வேலை செய்யும் ஒரு கடையில் அளவு கொடுத்து வளைத்து வாங்கினேன். சுழல்விசை சார் கேட்டபடி படிப்படியாகச் செய்தேன்.

முதலில் ஷாக் ஜோடி மட்டும் புதிது. குதிப்பு நிற்கவில்லை. ஆனால் முன்பு மிதித்திருக்கும் வரை அடித்துக்கொண்டே இருந்தது, இப்போது ஆறேழு அடியில் தானாக அடங்குகிறது.

அடுத்து கண் புஷ்கள், ஷாக்கிள் (பட்டையின் பின் கண்ணை வண்டியோடு இணைக்கும் துண்டு) புஷ்கள். தொடக்கத்தில் வரும் அந்த முதல் ‘டொக்’ போய்விட்டது. கியர் மாற்றும்போது பின்னால் கேட்கும் ஒரு சின்னச் சத்தத்தை டிஃப் பல்சக்கரத் தளர்வு என்று நினைத்திருந்தேன், அதுவும் போய்விட்டது.

மூன்றாவதாகக் கட்டையை எடுத்தோம். வலதுபக்கக் கட்டையின் குழி வட்டமாக இல்லை, முட்டை வடிவம். சென்டர் போல்ட் தலை ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்து சாய்ந்திருந்தது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவை வைத்துக்கொண்டு மலை ஏறியது இந்தப் போல்ட்டை நம்பித்தான் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. கட்டை சரிவாக வெட்டியது இல்லை. இப்போது பினியன் ஒரு டிகிரி கீழே பார்க்கிறது. சக்கர மையம் இரண்டு பக்கமும் ஒரே அளவு.

அதே முற்றம், அதே தண்ணீர். டயர் வழுக்கிச் சுழல்கிறது, குதிக்கவில்லை. ரொம்பவும் முரட்டுத்தனமாக மிதித்தால் இரண்டு துள்ளல், அவ்வளவுதான். தடம் இப்போது ஒரே கோடு.

யாழ் மைனர்

அண்ணை, வாசிக்க மிச்சம் சந்தோசம். நானும் நேற்று முன் கண் புஷ்ஷை நெம்பிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஓவல். றபர் கையோடு உதிருது. மைனருக்கும் கடைசி முறுக்கு வண்டி நிலத்தில் நிற்கும்போதுதானே?

கோவை பட்டறை

ஆமாம் தம்பி, ரப்பர் புஷ் எந்த வண்டியில் இருந்தாலும் அப்படித்தான். வீட்டில் இரண்டு பேரைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு முடுக்கினால் இன்னும் நல்லது.

சேலத்துத் தம்பி, அந்த மிச்ச இரண்டு துள்ளலுக்குப் பார் வேண்டாம். ஆக்ஸிலுக்கும் முன் கண்ணுக்கும் நடுவில், முன்பாதியில் மட்டும், ஒரு பட்டைக்கு ஒரு கிளாம்ப் போட்டுத் தகடுகளை இறுக்கிக் கட்டுங்கள். ஆக்ஸிலுக்குக் கிட்டே வையுங்கள். கண்ணுக்குக் கிட்டே போகப் போக சவாரி கடினமாகும்.

சேலத்து அம்பி

கிளாம்ப் போட்டாயிற்று. போன சனிக்கிழமை மழையில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசியில் வேண்டுமென்றே அதே வளைவில் நிறுத்தி முதல் கியரில் எடுத்தேன். வலது டயர் ஒரு கணம் வழுக்கியது, பிடித்தது, ஏறியது. இறங்கும்போது மூன்றாவது, இரண்டாவது கியருக்கு இறக்கியபோதும் ஒன்றும் இல்லை. அம்மா பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்.

இன்றோடு 520 கிலோமீட்டர். யூ போல்ட் நட்டுகளைப் பார்த்தேன். இடதுபக்கம் அசையவில்லை. வலதுபக்கம் ஒரு நட்டு மட்டும் கால் சுற்று உள்ளே போனது. இது சாதாரணமா ஐயா?

கோவை பட்டறை

அந்தப் பக்கம் பட்டைக்கும் ஆக்ஸில் மேடைக்கும் நடுவில் பெயின்ட் இருந்ததா தம்பி? பெயின்ட் நசுங்கினால் அந்த அளவு இறங்கும். இன்னொரு 500 ஓட்டிவிட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் கழற்றி, இரண்டு முகத்தையும் இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.